சந்தனம் பூசிய பிராசசர்

1. ஆமை

1999-இல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். பிளஸ் டூ முடித்து ஹார்டுவேர் கோர்ஸ் படித்த பெண் அங்கே நான் ஒருத்திதான். வாடிக்கையாளரிடம் பேசக் கூச்சம். ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு மூலையில் இருந்துவிடுவேன். சுடலைமுத்து அண்ணாச்சி வந்த அன்று அது நடக்கவில்லை.

அண்ணாச்சிக்கு ஆழ்வார்திருநகரியில் வீடியோ ஸ்டுடியோ. கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பூ விரிய வைத்து, இதயம் பறக்கவிட்டு, திரும்பவும் கேசட்டில் இறக்கித் தருவார். பூ விரிய வேண்டுமானால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட வேண்டும். அதுதான் ரெண்டரிங். ஒரு பூ முழுசாக விரிவதற்குள் அண்ணாச்சி சவரம் செய்து, குளித்து, சாப்பிட்டும் வந்துவிடலாம்.

"ஏம்மா, ஆமை கணக்கா போவுது. இசக்கிமுத்துன்னு ஒரு மாப்பிள்ளை. திருச்செந்தூர்ல தாலி கட்டுனான், ஞாயித்துக்கிழமை துபாய்க்குப் போவுதான். கேசட்டைக் கையோட கொண்டுபோவணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். போனா ரெண்டு வருசம் கழிச்சுதான் வருவானாம். புது மிசினுக்கு எனக்கு வழியில்ல. இதையே ஓட வைக்க முடியுமா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "போயி ஓவர்கிளாக் பண்ணிட்டு வாம்மா. எரிச்சிராத."

2. பைய ஏற்றுவது

ஓவர்கிளாக் என்றால், பிராசசரை அதற்கு விதித்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவது. அண்ணாச்சியுடையது 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் தகவல் போய்வரும் பாதைக்குப் பஸ் என்று பேர்; அதன் வேகம் 66. அதன் நாலரை மடங்குதான் அந்த 300. மடங்கை மாற்ற முடியாது, பூட்டித்தான் விற்பார்கள். ஆனால் போர்டில் ஜம்பர் என்ற குட்டி மூடியைப் பிடுங்கி வேறு ஊசிகளில் செருகினால் பஸ் வேகம் 75, 83, 100 என்று ஏறும். 100 வைத்தால் பிராசசர் 450-இல் ஓடும். கேட்கவே இனிக்கும். சூடும் அதே கணக்கில் ஏறும்.

ஸ்டுடியோவுக்குப் போய் முதல் வேலையாக ஒரிஜினல் கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். ஃபேனையும் ஹீட் சிங்கையும் கழற்றினேன். ஹீட் சிங்க் என்பது பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே விடும், தகடு தகடான அலுமினியக் கட்டி. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதுசைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைவிட மெல்லிசாகத் தடவினேன். வோல்டேஜில் கை வைக்கவில்லை. 75-இல் நிறுத்தினேன். 337 வந்தது.

சோதனையைக் காலையில் செய்யக் கூடாது. காலையில் எல்லா மிஷினும் நல்ல பிள்ளைதான். ஸ்டுடியோவுக்குத் தகரக் கூரை. உச்சி வெயில் வரும்வரை காத்திருந்து, இருப்பதிலேயே கனமான ரோஜாவை ஓடவிட்டேன். நிற்காமல் ஓடியது.

"நூறு வைக்கலாம்லா?" என்றார் அண்ணாச்சி.

"எம்பத்துமூணுல ஹார்டு டிஸ்க்குக்கு ஆபத்து அண்ணாச்சி. நூறு வச்சா இந்தச் சின்ன ஃபேன் தாங்காது."

"நீ ரொம்பப் பயப்படுத."

3. குளிர்ச்சி

வெள்ளிக்கிழமை கடைக்கு போன் வந்தது. "மிசின் நின்னு நின்னு போவுதும்மா. குளிர்ச்சியும் பண்ணிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கு."

திருச்செந்தூர் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். கேபினெட்டைத் திறந்ததும் சந்நிதி வாசம் அடித்தது. ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக இடமில்லாமல் சந்தனம் காய்ந்து கிடந்தது. ஃபேன் முனகிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, என்ன இது?"

"கோயில் சந்தனம்மா, ஒரிஜினல். நீ வெள்ளையா என்னத்தையோ தடவுனேல்லா, அதைவிட இது குளிர்ச்சி."

ஜம்பரைப் பார்த்தேன். நூறில் இருந்தது. "இது?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். "கை கிய் பட்டிருக்கும்."

ஜம்பரை நகத்தால் பிடுங்கித்தான் இடம் மாற்ற முடியும். பல் தேய்க்கிற பிரஷ் கேட்டேன், கொடுத்தார்.

"பழசா அண்ணாச்சி?"

"இன்னைக்குக் காலையில வரைக்கும் என்னோடது."

சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, பேஸ்ட் போட்டு, மறுபடி 75-க்கு இறக்கினேன். நல்லவேளை, பிராசசர் உயிரோடுதான் இருந்தது. ஆனால் பாக்கியிருந்த பூக்களைக் கணக்குப் போட்டால் அடுத்த வாரம்தான் முடியும். அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பயலுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சொல்ல வேண்டிய ஆளே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இசக்கிமுத்து எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. மானிட்டர் முன்னால் உட்கார்ந்து ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணாச்சி, கல்யாணம் பூரா அவ குனிஞ்சேதான் நின்னா. தாலி கட்டுனதும் ஒரே ஒரு தடவை நிமிந்து என்னயப் பாத்தா. அது எங்கன இருக்கு?"

அண்ணாச்சி தேடி எடுத்தார். அந்த இடத்தில் ஒரு பெரிய ரோஜா நடுவிலிருந்து விரிந்து திரையை மூடியது. அது மறைந்தபோது பெண் மறுபடி குனிந்திருந்தாள்.

"இந்தப் பூவுக்குள்ளதாம்பா இருக்கா" என்றார் அண்ணாச்சி, குரல் இறங்கிப்போய்.

"பூவ எடுங்க."

"அது ஸ்பெஷல் எஃபெக்ட்டுப்பா..."

"எல்லாப் பூவையும் எடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குக் கை வரவில்லை. நான்தான் எடுத்தேன். ரோஜா போனது. திரையில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இசக்கிமுத்து இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

"இப்போ ரெண்டரிங்குக்கு எவ்வளவு நேரம் ஆவும்?" என்று அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

"ரெண்டரிங்கே கிடையாது அண்ணாச்சி. உள்ளபடி ஓடவிட்டுக் கேசட்ல இறக்கிரலாம்."

"கடைசியில ஸ்டுடியோ பேருக்காவது ஒரு பூ?"

இசக்கிமுத்து சிரித்துக்கொண்டே சரி என்றார். சாயங்காலம் கேசட்டைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வேலைக்குப் பழைய 300 மெகாஹெர்ட்ஸே போதும். வேகம் பத்தவில்லை என்று யார் வந்தாலும், என்ன ஓட்டுகிறீர்கள், யாருக்காக ஓட்டுகிறீர்கள் என்று அதற்குப் பிறகு கேட்கப் பழகிக்கொண்டேன். கூச்சத்தோடுதான் கேட்பேன். பாதிப் பேருக்குக் கேபினெட்டைத் திறக்கவே வேண்டியிருக்காது.