நான் இருக்கும்வரை வரும் பென்சன்

சாகப் பயமில்லை என்று கந்தோரில் வேலை செய்த காலத்தில் வீறாப்பாகச் சொல்லித் திரிந்தவள் நான். இப்போது பயப்படுகிறேன். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் பயம், இடது கை விறைத்தால் பயம். நான் போனால் என் ஓய்வூதியமும் அன்றோடு நின்றுவிடும். அதை நம்பி இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாள், என் தங்கை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டு அறை வாடகை வீடு. என் கணவர் செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. தங்கை கலியாணம் கட்டவில்லை. வேலைக்குப் போன நாளில் நான் அரசாங்கத்தில் இலிகிதர், எழுத்துவேலை. அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கம்பனியில் டைப்பிஸ்ட். காலையில் ஒரே பஸ்ஸில் புறப்படுவோம். அவளுடைய சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கு சேமலாப நிதிக்குக் கழியும்; பெண்களுக்கு ஐம்பது வயதில் அது மொத்தமாகக் கைக்கு வரும், அதற்குமேல் பென்சன் என்று ஒன்றும் கிடையாது. எனக்கோ, நான் செத்தால் கணவருக்கும் பிள்ளைக்கும் கொடுப்பதற்கென்று கொஞ்சம் கழித்தார்கள். என் சொந்த ஓய்வூதியத்துக்கென்று ஒரு சதமும் கழித்ததில்லை. அது அரசாங்கத் திறைசேரியிலிருந்து வருவது, ஊரார் கட்டும் வரியிலிருந்து வருவது. இதில் அநியாயம் இருப்பதாக அந்த நாளில் எனக்குத் தோன்றவேயில்லை. சோதனை பாஸ்பண்ணி எடுத்த கவுண்மேந்து உத்தியோகம் அல்லவா, தலைக்கனம் வேறு.

என் மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது வெள்ளவத்தையில் ஒரு பிளாட் சீதனமாகக் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது போதவில்லை. தங்கைக்கு அப்போதுதான் ஐம்பது வயது முடிந்து நிதிப்பணம் கைக்கு வந்திருந்தது. அதை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கினேன். "எனக்குப் பென்சன் வருமடி, உனக்கென்ன குறை" என்றேன். நூறு வருடம் இருப்பேன் என்று யாரோ எழுதித் தந்ததுபோலத்தான் கதைத்திருக்கிறேன். நாலு வருடத்தில் மருமகன் பிளாட்டை விற்றுவிட்டு மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே அவர்களுக்கும் இழுபறிதான். மகளிடம் கேட்போமா என்று ஒருமுறை வாயெடுத்தேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதே அக்கா?" என்று தங்கை என் வாயை அடைத்துவிட்டாள்.

நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தான வருடம், இனிப் பென்சன் வராதாம் என்று ஒரு கதை அடிபட்டது. வங்கி மெஷினில் மீதியை இரண்டுதரம் பார்ப்பேன். ஆனால் ஒரு மாதமும் தவறவில்லை. பிறகு வரியைக் கூட்டினார்கள். ஒருநாள் கடைப் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, "இந்தச் சவர்க்காரத்துக்கு நான் கட்டின வரியில உங்கட பென்சனுக்கு எவ்வளவு போகுதெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று பகிடி விட்டாள். சேர்ந்து சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. அவளும் கட்டுகிறாள், கீழ்வீட்டில் கூட்டித் துடைக்க வரும், அட்டன் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் கட்டுகிறாள். அந்தப் பெண்ணுக்கு வயது போனால் யார் கட்டப்போகிறார்கள்? அது தெரியாமலே அந்தப் பணத்தில்தான் சாப்பிடுகிறேன்.

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் ஓய்வூதியக்காரர் நேரில் போய், தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் பென்சன் நிற்கும். இந்த வருடம் அதற்குப் போகவிருந்த காலையில், குளியலறையில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். ஓடிவந்த தங்கை என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, எழும்புங்கோ! இன்னும் கையெழுத்து வைக்கேல்லை, எழும்புங்கோ!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அன்றைக்கே ஓட்டோவில் பிரதேச செயலகத்துக்குப் போனோம். மேசையில் ஒரு சிங்களப் பிள்ளை, மரியாதையானவள். கையெழுத்தை வைத்துவிட்டு, அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்துவரும்படி தங்கையை வெளியே அனுப்பினேன். பிறகு மேசைக்குக் கிட்டக் குனிந்து, எனக்குப் பிறகு இது தங்கைக்குக் கிடைக்குமா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"நங்கிட்ட தென்ன பே, அம்மே."

தங்கைக்குக் கொடுக்க முடியாது. கணவருக்குக் கொடுக்கலாம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொடுக்கலாம், சட்டம் அவ்வளவுதான் என்றாள். கணவர் இல்லை, மகளுக்கு நாற்பது வயது, அப்படியானால் என்னிடம் கழித்த காசு எங்கே என்று சத்தம் போட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்வாள். தண்ணீர் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன். மறைத்து வைக்க மனம் வரவில்லை.

"உனக்கு வராதாமடி. கேட்டுப் பாத்தனான்."

அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும் அக்கா. போன வருஷம் நீங்கள் கையெழுத்து வைக்கேக்கை, உங்களுக்குத் தெரியாமல் நானும் கேட்டனான்."

போன வருடத்திலிருந்துதான் அவள் என் கறிக்கு உப்பைக் குறைத்தாள். குளிக்கும்போது கதவைப் பூட்டவிடாமல் சண்டை பிடிப்பதும் அப்போது தொடங்கியதுதான். நான் அதையெல்லாம் பாசம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.