முகம் இல்லாத நான்காம் நிலை

என் மனைவி எந்தப் படத்திலும் முகத்தைக் கடைசியாகத்தான் வரைவாள். முப்பத்தைந்து வருடம் அவளோடு வாழ்ந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். மூன்று நாளாக எழுதுகிறேன். ஒன்றும் குறையவில்லை.

அவள் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தாள். நான் தபால் கந்தோரில் வேலை பார்த்தேன். ஊரில் என்னை யாரும் என் பெயரால் அறிந்ததில்லை. சித்திர ரீச்சரின் புருசன், அவ்வளவுதான். யார் கேட்டாலும் அவள் வரைந்து கொடுப்பாள். பள்ளிக்கூட நாடகத்துக்குத் திரை, கோயில் திருவிழாவுக்குக் கொடி, காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைச் சுவருக்குப் பூங்கொடி. எங்கள் வீட்டில் கறி அடிப்பிடித்த மணம் வந்தால் ஒரு படம் நடக்கிறது என்று அர்த்தம். எனக்கு முன்கோபம். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கத்துவேன். அவள் படத்தில் இருந்து தூரிகையை எடுக்காமலே, "சட்டியப் பாக்க நீங்க இரிக்கிறீங்க. இதப் பாக்க ஆர் இரிக்கா?" என்பாள். அந்தக் கருகின கறியைத்தான் நாங்கள் பாதி நாள் சாப்பிட்டோம். இப்போது நானே சமைக்கிறேன், ஒன்றும் கருகுவதில்லை, வாயில் வைக்கவும் முடிவதில்லை.

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. அப்போது எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. மூன்று வயது மகள் தாயின் இடுப்பில் இருந்ததால் தப்பினாள். மகன் விளையாடப் போயிருந்தான். அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டோடு அல்பங்களும் போயின. கோயிலில் அவன் முதல்நன்மை வாங்கிய நாளில் படம் எடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டேன். அங்கே சுவரே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த படம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. இந்த உலகத்தில் அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நீ வரையலாமே" என்று சொந்தக்காரர் எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். நானும் ஒருமுறை சொன்னேன். அவள் வரையவில்லை. "அவன் வளந்திட்டிரிக்கான். இன்னும் முடியல்ல" என்றாள். துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் உண்மையாகவே ஒவ்வொரு வருடமும் அவனுக்கு ஒரு வயதைக் கூட்டிக்கொண்டுதான் இருந்தாள். பஸ்ஸில் அவன் வயதுப் பையன்களைக் கண்டால் தாடையையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே வருவாள். "இப்ப அவனுக்கு மீசை வந்திரிக்கும்" என்று சோறு போடும்போது சொல்லுவாள். எனக்கு அது தாங்காது. செத்தவனைப் பற்றி இந்த வீட்டில் கதைக்கக் கூடாது என்று ஒருநாள் கோப்பையை எறிந்தேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு முன்னால் கதைப்பதில்லை. மகள் மட்டும் அடிக்கடி கேட்பாள், "அண்ணன் எப்பிடியம்மா இரிப்பான்?" என்று. "பொறுகா, காட்டுறன்" என்பதுதான் தாயின் பதில்.

வாவிக்கு அக்கரையில், மீன்பிடிக்கிற குடும்பங்கள் சேர்ந்து கட்டிய சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. அதன் சுவருக்குச் சிலுவைப்பாதைப் படங்கள் வேண்டும் என்று பங்குச் சுவாமி போன வருடம் கேட்டு வந்தார். யேசுவுக்குத் தீர்ப்புச் சொல்வதில் தொடங்கி அவரைக் கல்லறையில் வைப்பது வரை பதினான்கு நிலைகள். தவக்காலத்தில் சனம் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் முழங்காலில் நின்று செபிக்கும். பதினான்கு பலகைகளை விறாந்தைச் சுவரோரம் அவள் வரிசையாகச் சாத்தினாள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. முதலில் பதினான்குக்கும் வானம். பிறகு பதினான்குக்கும் நிலம். பிறகு சுவர், சிலுவை, உடுப்பு, கை, கால். முகங்கள் எல்லாவற்றுக்கும் பிறகு, ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், ஒரே தடவை குழைத்த நிறத்தில்.

"பதினாலிலயும் ஒரே ஆள். நிறம் கொஞ்சம் மாறினாலும் வேற ஆரோ சிலுவை சுமக்கான் எண்டு சனம் நினைக்கும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, நான் போட்ட தடையை பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக மீறினாள். "யேசுவுக்கு முப்பத்திமூணு. நம்மட மகனுக்கு இப்ப முப்பத்தொண்டு. அந்த ரெண்டு வருசத்தையும் நான் கூட்டிக்கொள்ளுவன். இப்பதான் எனக்கு அவன்ட முகம் சரியாத் தெரியுது."

யேசுவுக்கு நம் மகனின் முகத்தைப் போடுவது பாவமில்லையா என்று கேட்டேன். நான்காவது பலகையைக் காட்டினாள். மாதா சிலுவை சுமந்து வருகிற மகனை வழியில் சந்திக்கிற நிலை அது. "அவவும் தாய்தானே. கோவிக்க மாட்டா" என்றாள். "மகளிட்ட இப்ப சொல்லாதீங்க. கோயில்ல மாட்டின பிறகு கூட்டிட்டுப் போய்க் காட்டுவம்."

பதினான்குக்கும் வானம் முடிந்திருந்த நேரம் அவளுக்குக் கண் மஞ்சளாயிற்று. செங்கமாரி என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலைந்து நாள் சோதித்த பிறகு டொக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். கணையத்தில் கேன்சர், ஈரலுக்கும் போய்விட்டது, மூன்று மாதம், கூடினால் நாலு. நோயாளிக்குச் சொல்வதா இல்லையா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அந்த வாசலில் இருந்து அவளுடைய கட்டிலுக்கு இருபது அடி இருக்கும். அதற்குள் முடிவு செய்துவிட்டேன். "செங்கமாரிதான். மருந்து குடிச்சா மாறிடும்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நோயாளி ஒருவரைத் தவிர ஊருக்கே நோய் தெரிந்திருக்கும். தோடம்பழத்தோடு வருகிறவர்கள், "செங்கமாரிதானே ரீச்சர், கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டியதும் கண்ணைத் துடைப்பார்கள். மாத்திரைப் பெட்டிகளில் இருந்த எழுத்தை நான் கத்தியால் சுரண்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாமே எனக்குத் துணை நின்றன. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். இதை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மகள் கல்முனையில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து திங்கள் காலையில் போவாள். அவள் மட்டும்தான் என்னை எதிர்த்தாள். "அம்மாட உடம்பு அது. அவவுக்குச் சொல்லத்தான் வேணும் அப்பா" என்றாள். "சொன்னா அண்டைக்கே செத்திடுவா. நீ உன்ட தாயக் கொல்லப் போறயா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அவளும் திறக்கவில்லை.

மாரிமழை விட்ட ஒரு பின்னேரம். என் மனைவி கதிரையைப் பலகைகளுக்கு நேரே போட்டு உட்கார்ந்திருந்தாள். உடுப்பு, கை, கால் எல்லாம் முடிந்திருந்தன. தலை இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் வெறும் மண்ணிறம். உடம்பு பாதியாகியிருந்தது, ஆனால் கை நடுங்கத் தொடங்கவில்லை. நான் கஞ்சியோடு போனேன்.

"இஞ்சருங்க, ஒண்டு கேக்கன். மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு நேரம் இரிக்கா?"

"என்ன நேரம்?"

"முந்தி எண்டா முகம் எல்லாத்துக்கும் ஒரு கிழமை போதும். இப்ப ஒரு மாசம் வேணும். அவ்வளவு நாள் இல்லாட்டிச் சொல்லுங்க. நாளைக்கே நிறம் குழைச்சு நாலாவத மட்டும் முடிச்சிடுவன். எனக்கு அது ஒண்டு போதும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுசி எப்படிக் கேட்பது? அவள் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு முகத்துக்கு நாள் கேட்டாள். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, "செங்கமாரியில ஆரும் சாவாங்களா? நேரம் கிடக்கு. அவசரப்படாம ஆறுதலா எல்லாத்தையும் ஒண்டாச் செய்" என்றேன். அவள் மடியில் இருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி. அப்ப பொங்கல் கழியத் தொடங்குறன்" என்று கஞ்சியை வாங்கினாள்.

அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். தெரிந்திருந்தால் அன்று இரவே விளக்கை வைத்துக்கொண்டு வரைந்திருப்பாள். அவளுக்குத் தெரியவில்லை. அவள் என்னை நம்பினாள்.

ஐந்தாம் நாள் கை நடுங்கத் தொடங்கியது. பத்தாம் நாள் கதிரையில் இருக்க முடியவில்லை. அதன் பிறகு நோவுக்கு ஊசி போட்டார்கள், பாதி நினைவு, பாதி மயக்கம். அந்த நாட்களில் அவளுடைய வலது கையில் தூரிகை பிடிக்கிற மூன்று விரல்களும் சேர்ந்து விரிப்பின் மேல் மெல்ல அசைந்துகொண்டே இருந்தன. செபமாலை தேடுகிறா என்று மகள் அதை எடுத்து விரலுக்குள் வைத்தாள். அந்த விரல்கள் தேடியது செபமாலை இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போதும் நான் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். தவக்காலம் வருகிறது, வேறு ஆரையும் கொண்டு முகத்தை மட்டும் போடுவித்தால் என்ன என்று. அவரைத் திட்டி அனுப்பினேன். மறுநாள் நானே போய் மன்னிப்புக் கேட்டுப் பதின்மூன்று பலகைகளைக் கொடுத்தேன். வெளியூர் ஓவியர் ஒருவர் வந்து நாலு நாளில் முடித்தார். துப்புரவான வேலை, குறை சொல்ல முடியாது. வெள்ளை வெளேரென்று, கலண்டரில் வருகிற முகம். சனத்துக்கு நல்ல சந்தோசம். நான்காவதை நான் கொடுக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை போயிருந்தேன். மூன்றாம் படத்துக்கும் ஐந்தாம் படத்துக்கும் நடுவில் ஆணி மட்டும் இருந்தது. அதற்கு முன்னாலும் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள்.

போன சனிக்கிழமை மகள் விறாந்தையைக் கூட்டும்போது அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாள். "இதையும் குடுத்திரிக்கலாமே அப்பா. யேசுட முகத்த அந்தப் பெயின்டரே போட்டிருப்பார்தானே?"

"அது யேசு இல்ல, மகள்" என்றேன். சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. தாய் யாரை வரைய இருந்தாள், யாருக்குக் காட்ட இருந்தாள், அன்று என்னிடம் என்ன கேட்டாள், நான் என்ன பதில் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அண்ணன்ட முகம் நினைவே இல்ல அப்பா" என்றாள்.

"தெரியும்."

"நீங்க பாத்திரிக்கீங்கதானே. சொல்லுங்க. எப்பிடி இரிப்பான்?"

நான் கண்ணை மூடினேன். முழங்காலில் இருந்த தழும்பு வந்தது. முன்பல் விழுந்தபோது அதைக் கூரைமேல் எறியச் சொல்லி அடம்பிடித்தது வந்தது. சேட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு நிற்பது வந்தது. சேட்டுக்கு மேலே ஒன்றும் வரவில்லை. பதினைந்து வருடம் அவனைப் பற்றிக் கதைக்க விடாமல் வாயை அடைத்தவன் நான்தான். அவன் முகம் முழுவதும் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னப்போலத்தான் இரிப்பான், மகள். அப்பிடியே உன்ட முகம்" என்றேன்.

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள். அழுகிற சத்தமும் சிரிக்கிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. நான் எழுந்து போய் அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். விறாந்தையிலேயே இருந்துவிட்டேன்.