இரண்டு கறுப்புத் தகடுகள்

தோசைக்கல்லின் மேல் கிடக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தகட்டின் ஓரத்தை இடுக்கியால் தூக்கிப் பார்க்கிறார் ஜேசுராஜ். தளர்ந்துவிட்டது. சட்டென்று எடுத்துக் கத்தியின் மேல் போர்த்தி, மெத்தை ஸ்பாஞ்ச் ஒட்டிய இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே ஏறி நின்றுகொள்கிறார். ஆறும்வரை இறங்க மாட்டார். வாசலில் யார் கூப்பிட்டாலும் பலகையில் நின்றபடிதான் பதில்.

கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்குவதும் கறி வெட்டுவதும் அவர் தொழில். கூட வேலை செய்பவள் மனைவி சகாயமேரி. கத்திகளைப் பல வருடங்களாகச் செய்தித்தாளில் சுற்றித்தான் பையில் போட்டுவந்தார். சித்திரையில் ஒருநாள் பூந்தமல்லி மண்டபத்துக்குப் போகும்போது வண்டி பள்ளத்தில் இறங்கியது. இருவருக்கும் நடுவிலிருந்த பையைக் கிழித்துக்கொண்டு ஒரு முனை சகாயமேரியின் தொடையில் ஏறிவிட்டது. தையல் பிரித்த பிறகும் அவள் அந்த வண்டியைத் தொடவில்லை. அவர் வண்டியில் போனால் அவள் ஷேர் ஆட்டோவில் போகிறாள். அப்போது பிடித்ததுதான் இந்த உறைப் பைத்தியம்.

முதலில் பீவீசி குழாயைப் பிளந்து, சூடுகாட்டித் தட்டையாக்கிச் செய்தார். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் அது மறுபடி சுருண்டுகொண்டது. நீல டிரம்மை வெட்டிச் செய்ததில் கத்தி நிற்காமல் நழுவியது. பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர் டில்லிபாபு இரண்டு தகடுகள் கொண்டுவந்தார். ஒன்று ஏபிஎஸ், மடிப்பில் விரிசல் விடலாம். மற்றது கைடெக்ஸ், தாங்கும் என்றார். கைடெக்ஸ் என்றால் என்னவென்று கேட்டதற்கு, பீவீசியோடு அக்ரிலிக் கலந்தது என்று சொல்லிவைத்தார். ஜேசுராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"பீவீசி வாணாம்னு இப்பத்தான் தூக்கிப் போட்டேன் மச்சான். இதுக்குள்ளயும் அதான் கீதுன்றே. அப்ப இன்னாத்த நம்புறது?"

குழாய் வேறு, கலவைத் தகடு வேறு என்று டில்லிபாபு விளக்கினார். விளக்க விளக்கக் குழப்பம்தான் கூடியது. அந்தக் குழப்பத்திலேயே இரண்டையும் துண்டு போட்டு, எது எதுவென்று தெரியாமல் கலந்துவிட்டார். நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கறுப்பு. எல்லாவற்றிலும் உறை செய்து தலைகீழாக உதறினார். ஒரு கத்தியும் விழவில்லை.

ஞாயிறு காலை, வேலைக்குக் கிளம்பிய சகாயமேரியிடம் ஒன்றை நீட்டினார். அவள் கத்தியை உருவிச் செருகினாள். டப்பென்று பிடித்துக்கொண்டது.

"இது உடையாததுதானே?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். "ரெண்டுல ஒண்ணு உடையாது மேரி. இது எதுன்னுதான் எனக்கே தெரில."

அவள் ஆட்டோ வரும் திசையைப் பார்த்தாள். ஜேசுராஜ் கத்திப் பையைக் கழுத்தில் மாட்டி, வாரை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, வண்டியில் ஏறி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

ஆட்டோ வந்தது, நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. சகாயமேரி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தன் தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்து, கையை முன்னால் விட்டு, பைக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே திணித்தாள்.