நின்ற ராசா, உட்கார்ந்த ராசா

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக் காசு அது. கறுத்து, ஓரம் தேய்ந்து, பெரியம்மாவின் கழுத்துக் கயிற்றில் எப்போதும் தொங்கும். ஒரு பக்கம் குச்சி குச்சியான கைகால்களோடு ஒருவர் நிற்பார். மறுபக்கம் அவரே உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில், எங்கள் லயத்து வீடுகளில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று நடும்போது சேற்றில் காலில் தட்டுப்பட்டதாம். பண்ணையார் கண்ணில் படாமல் இடுப்பில் செருகிக்கொண்டு வந்த கதையை அவள் சலிக்காமல் சொல்வாள்.

கடலுக்கு இந்தப் பக்கம், லிங்கி ஆற்றோரம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அந்தக் காசு ராசாதான் நாட்டாமை. வேறு தோட்டத்துக்குப் போகலாமா, பெண் கேட்டு வந்தவனுக்குக் கொடுக்கலாமா என்று குழம்பியவர்கள் எல்லாரும் பெரியம்மாவைத் தேடி வருவார்கள். அவள் காசைச் சுண்டிவிடுவாள். ராசா நின்றால் கிளம்பு, உட்கார்ந்தால் இரு. ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மச்சான் ஒருநாள், விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், வேலைக்குப் போகலாமா என்று வந்து கேட்டான். ராசா உட்கார்ந்துவிட்டார். "ராசாவே இருக்கச் சொல்லிட்டாரு" என்று போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டான். அன்று மண்டோர் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அது சோழர் காசு என்பது எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து. சிரம்பானில் பழங்காசு சேர்க்கும் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். அந்த எழுத்து நாகரி, மன்னனின் பெயர். ஈழத்தைப் பிடித்தவன் அந்த நாட்டுக் காசின் சாயலிலேயே தன் காசையும் அடித்தானாம். உட்கார்ந்திருப்பது அரசனா தேவியா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்களாம். தமிழ்நாட்டு மண்ணில் வெள்ளி விளையாது, துணியும் மிளகும் போன கப்பல்களில்தான் வெள்ளி வந்திருக்கும் என்றார். ஆக, அந்தக் காலத்திலேயே நம் ஆட்கள் கடல் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறார்கள். போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று கேட்டேன். காசு அதையெல்லாம் சொல்லாது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அம்மா காய்ச்சலில் இறந்தபின் என்னை வளர்த்தவள் பெரியம்மாதான். அவளுக்கு ஊரில் ஒரு மகள் இருந்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை கண்ட பிள்ளையை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பா ஏற்கெனவே கப்பலுக்குள். பிள்ளையை, வழியனுப்ப வந்த தன் தம்பியிடம் விட்டுவிட்டு இவளும் ஏறினாள். இங்கே வந்த சில வருடங்களில் பெரியப்பா பாம்பு கடித்து இறந்தார். எனக்குத் தலை பின்னும்போது சில நேரம் மகளின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிடுவாள். நான் திருத்தியதே இல்லை. அந்தப் பெயருக்கும் சேர்த்து நானே மகளாக இருந்துவிடலாம் என்று ஆசை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். ஊருக்குப் போக விரும்புகிறவர்களைக் கப்பலில் சும்மாவே அனுப்பிவைப்பார்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி லயம் லயமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று பெரியம்மா சோற்றைக் குழையவிட்டாள். அப்பாவுக்குக் கலக்கம்.

"நீ போயிட்டா இந்தப் புள்ளய யாரு பாக்குறது அக்கா? சரி, ராசாவையே கேட்டுருவோம்" என்றார்.

மாரியம்மன் கோயில் வாசலில் லயமே கூடிவிட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உட்காரு ராசா, உட்காரு ராசா என்று வேண்டினேன். காசு மண்ணில் விழுந்தது. ராசா உட்கார்ந்திருந்தார். நான் குதித்த குதியில் பாவாடை கிழிந்தது.

பெரியம்மா காசை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"ராசாவுக்கு என்னா, உக்காந்திருப்பாரு. எம்புள்ள அங்க நின்னுக்கிட்டு இருக்கு. நான் போறேன்" என்றாள்.

ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன காசின் பேச்சைத் தட்டியவள் அவள் ஒருத்திதான்.

லாரி வந்த காலையில் கயிற்றைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். "எப்ப வருவ பெரியம்மா?" என்று கேட்டேன். என் முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளகிட்ட ஆறு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் கப்பல் ஏறுனேன். ஒங்கிட்ட அப்படிச் சொல்ல மாட்டேன் கண்ணு."

அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்று அவளுக்கு இருந்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஊர்போய்ச் சேர்ந்தாளா, வளர்ந்துவிட்ட மகள் அவளை அடையாளம் கண்டுகொண்டாளா, தெரியாது. கண்டுகொண்டிருக்க வேண்டும் என்றுதான் மனதார நினைக்கிறேன். ஆனாலும், வந்துருவேன் என்று எனக்கும் அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் காத்துக்கொண்டு இருந்திருப்பேன்.