சளி இல்லக்கா

தினமும் காலையில் வாய் கொப்பளித்ததும் ஆராய்ச்சிக்காரி கண்ணாடியைப் பார்த்துச் செருமத் தொடங்குவாள். முதலில் மெல்ல. அடுத்தது அடித்தொண்டையைச் சுரண்டுவது போல. மூன்றாவது உதட்டைக் குவித்து, சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போல.

கீழிருந்து வீட்டுக்கார அக்கா குரல் கொடுப்பாள்: "என்னம்மா, சளியா?"

"சளி இல்லக்கா. எழுத்து."

வடமொழி, கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றையும் பெற்றுப்போட்ட ஓர் ஆதிமொழி. அதைக் கேட்டவரும் இல்லை, எழுதிவைத்தவரும் இல்லை. அதில் மூன்று தொண்டை ஒலிகள் இருந்து தொலைந்தன; பக்கத்து உயிரெழுத்தை நீட்டிவிட்டுப் போனதால் அவை இருந்ததற்குத் துப்புக் கிடைத்தது. இதுதான் அவள் முனைவர் படிப்பு.

மொழிகளை முறை வைத்துத்தான் பேசுவாள். "இவ அவளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. ஊரெல்லாம் இரவல் வாங்கி ஆளே மாறிட்டா." சொந்த அத்தை எதிரே வந்து நின்றபோது மட்டும், "நீங்க யாரு?" என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: "செத்ததுக்கெல்லாம் சொந்தம் தெரியுது. உசுரோட நிக்கிற அத்தையத் தெரியல!"

குழம்பில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் விட்டுப் பார்க்கமாட்டாள். கரண்டியில் வெள்ளை ஒட்டியிருக்கிறது, ஆகவே போட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டிச் சாப்பிடுவாள்.

வாய்மொழித் தேர்வு நெருங்கியது. "வெளியிலேர்ந்து வர்றவர் பொல்லாதவர். இருந்துச்சுங்கிறியே, சொல்லிக் காட்டும்பாரு. முழிச்சே, பட்டம் போச்சு" என்றார் நெறியாளர். செருமல் இரு வேளையானது.

தேர்வன்று காலை நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. "அக்கா, சுடுதண்ணி" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். டயர்தான் இறங்கியது.

"அடடே, இன்னிக்கு சுத்தமா விழுதும்மா! விட்டுடாத!" என்றாள் அக்கா கீழிருந்து.

பொல்லாதவர் பொறுமையாக எல்லாம் கேட்டார். அவள் கரகரத்துப் பதில் சொன்னாள். பிறகு அவர் பேனாவை மூடினார். "சரி, அந்த மூணாவதச் சொல்லுங்க."

அவள் உதட்டைக் குவித்தாள். ஏதோ வந்தது. எழுத்தா, சளியா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னொரு தடவை."

மறுபடியும் வந்தது. அவர் கழுத்துப் பட்டனைக் கழற்றி, தொண்டையில் இரண்டு விரல் வைத்து, தானும் ஒருமுறை செருமிப் பார்த்தார்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தன் கழுத்தைத் தொட்டு விரலைச் சற்றே இறக்கி, இன்னும் கீழே என்று காட்டினாள்.