கியர் சைக்கிளுக்கு ஒரு கேரியர்

என் அக்கா ஜெயபுஷ்பத்தின் கணவர் வில்சன், எங்கள் ஊரிலிருந்து தினம் ஆம்பூருக்குப் போய், அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தோல் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். 2006-இல் மாமாவின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. டாக்டர் சொன்னதை நம்பாமல், கம்பெனியில் தோல் கட்டு நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தார். அதுவும் அதையேதான் காட்டியது. "அந்தத் தராசும் சரியில்ல, ஃபீபி" என்றார் என்னிடம்.

சர்க்கரை வந்திருந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "அப்ப சைக்கிள் ஓட்டுங்க" என்றார். மாமா சட்டென்று எழுந்து வந்துவிட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சர்ச்சுக்குச் சைக்கிளில்தான் போவார்கள். மாமா மிதிக்க, அக்கா கேரியரில். 94 கிறிஸ்துமஸ் அன்று சர்ச் கேட்டுக்கு முன்னாலிருந்த பள்ளத்தில் இறங்கியதும் பின்சக்கரம் அப்பளமாக வளைந்து, இரண்டு பேரும் விழுந்தார்கள். சபை முழுக்க வாசலில் நின்றிருந்தது. அன்று சிரித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சர்ச்சுக்குப் போகிறவள் இப்படிச் சொல்லக்கூடாதுதான். அக்காவுக்கு மணிக்கட்டில் விரிசல். மாமா அவளைக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு, சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டார். அப்புறம் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோதான். அக்கா கேரியர் பேச்சையே எடுக்கவில்லை. தன்னோடு வருவது அவளுக்கு வெட்கம் என்று மாமா முடிவு கட்டிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் அதை மனசில் வைத்துக்கொண்டே பெருத்தார்.

ஒரு சனிக்கிழமை துணைக்கு வா என்று என்னை எங்கள் ஊர் லாங் பஜாருக்குக் கூட்டிப்போனார். வழியில் சொன்னார்: "சைக்கிள் டாக்டருக்காக வாங்கல ஃபீபி. புஷ்பம் மறுபடி பின்னாடி உக்காரணும். அதுவும் சர்ச் கேட்டாண்ட, எல்லார் எதிர்லயும். ஒரே ஒரு தடவை போதும்."

"மொதல்ல நீங்க உக்காருங்க, அப்புறம் அக்காவைப் பாக்கலாம்" என்றேன்.

சைக்கிள் கடை சர்தார் பாஷா, "பையனுக்கா சார்?" என்று கேட்டார்.

"எனக்கு."

சர்தார் பாஷா மாமாவை நேராகவும் பார்த்தார், பக்கவாட்டிலும் பார்த்தார். பிறகு மஞ்சள் நிறத்தில் பளபளவென்று ஒரு கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "முன்னாடியும் ஸ்பிரிங், பின்னாடியும் ஸ்பிரிங். சோபா கணக்கா இருக்கும் சார்."

மாமா ஏறினார். பின் ஸ்பிரிங் முனகிக்கொண்டே அமுங்கியது. டயர் போய் ஃபிரேமில் உரசியது.

"வெயிட்டு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் சர்தார் பாஷா.

"சைக்கிளுக்கா, எனக்கா?"

மாமா மூலையில் கிடந்த வேறொன்றை இழுத்தார். முன்னால் மட்டும் ஸ்பிரிங். பின்பக்கம் வெறும் இரும்பு. கனத்த ஃபிரேம், தடித்த டயர். குனிய முடியாமல் குனிந்து, பின் சக்கரத்தின் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, தளர்ந்ததையெல்லாம் இறுக்கச் சொன்னார். ஏறி உட்கார்ந்தார், குலுக்கினார். அது அசையவில்லை.

"இதுல கேரியர் போட்டுக் குடுங்க."

"இன்னா சார், கியர் சைக்கிளுக்குப் போய் கேரியரா? பால்காரர் வண்டி மாதிரி ஆய்டும்!"

"பின்னாடி ஸ்பிரிங் இருந்தா கேரியர் நிக்காது. இதுல நிக்கும். அதுக்குத்தான் இதை எடுக்கறேன்."

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் பிரியாணியை விட்டுவிட்டு, காலையில் கோட்டைப் பக்கம் ஓட்டிப் பழகினார். அக்கா எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கேரியர் இரும்பு குத்துமே என்று, கம்பெனியில் கழித்துப்போட்ட தோலை விலைக்கு வாங்கி, பஞ்சு வைத்து மெத்தை தைத்தார் மாமா. கருநீலம், அக்காவுக்குப் பிடித்த நிறம். ஈஸ்டர் அன்று விடியுமுன் எழுந்து, சைக்கிளை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, வாசலில் நிறுத்திவிட்டு, "வரியா புஷ்பம்?" என்று கேட்டாராம். ஈஸ்டருக்குக் கட்டும் வெள்ளைப் புடவையில் வந்த அக்கா ஏறி உட்கார்ந்துகொண்டாளாம்.

ஆனால் சர்ச் கேட்டில் நின்ற நான் பார்த்தது வேறு. அக்கா தெருமுனையிலிருந்து நடந்து வந்தாள். மாமா தனியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"முக்குலயே எறக்கி விடச் சொல்லிட்டா" என்றார். ஆராதனை முழுக்க, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா மேல் கோபமாகவே இருந்தேன்.

எங்கள் சபையில் யார் புது வண்டி வாங்கினாலும் ஆயர் ஜெபம் பண்ணிக் கொடுப்பார். ஆராதனை முடிந்ததும் சைக்கிளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அக்காவுக்குப் பின்னால் நின்று, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த அவள் சிநேகிதி பூவம்மாள் கத்திவிட்டாள்: "ஐயோ புஷ்பம், பொடவையெல்லாம் இன்னா இது நீலம்?"

அக்காவின் புடவைப் பின்புறத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருநீலக் கறை. மாமா மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். விரல் நீலமானது. மேல்பூச்சாக ஃபினிஷ் அடிக்காத தோல் ஈரம் பட்டால் சாயம் விடும்; ஸ்டோரில் இருபது வருடமாக ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கத்துகிறவர் அவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அன்றைக்கு என் வாயில் வரவில்லை. மாமாவின் முகம் அப்படி இருந்தது. 94-இல் பார்த்த அதே முகம்.

"ஃபீபி, ஆட்டோ கூப்டு. அக்காவைக் கூட்டிக்கினு போ" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு ஆட்டோ?" என்றாள் அக்கா. "இந்த மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னுதாங்க இத்தினி வருஷமா கேரியர் பேச்சே எடுக்கல. அன்னிக்கு எனக்குக் கை வலிக்கல, உங்களைப் பாத்துதான் வலிச்சுது. மறுபடி இவங்க எதிர்ல உங்களுக்கு ஒண்ணு ஆய்டுமோன்னுதான் முக்குலயே எறங்கனேன்."

"எனக்காகவா?"

"பின்ன யாருக்கு? உங்களோட வர்றதுல எனக்கின்னா வெக்கம்? வண்டியத் திருப்புங்க."

பூவம்மாள் பதறினாள். "மறுபடியும் அதுலயா? கறை இன்னும் ஜாஸ்தியாய்டும்டி!"

"ஆவட்டும். எங்க வூட்டுக்காரர் சைக்கிள்ல வந்தேன்னு தெரியட்டும்."

அக்கா புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறி, மாமாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பாதி தூரம்தான் போயிற்று. யாரோ சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். கேட்டுக்கு முன்னாலிருந்த பள்ளம் அங்கேயேதான் இருந்தது. பின் சக்கரம் அதில் இறங்கி, ஏறி, வளையாமல் நேராகப் போயிற்று.

நான் மட்டும் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். மாமா இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது, உட்கார்ந்து அழுவதற்கும்.