மூன்று சாமான் குறைந்த துவக்கு

அரும்பொருட் காட்சிசாலை வேலை என்றால் விசிறிக்குக் கீழே கதிரை போட்டுத் தூங்குவது என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அது, செய்த கம்பனியே மறந்துபோன சாமான்களுக்கு உதிரிப்பாகம் தேடி அலைகிற வேலை. பழைய தையல் மெஷினுக்கும் அப்பா விட்டுப்போன மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு சின்னத் திருகாணிக்காகக் கடை கடையாய் ஏறி இறங்கினவர்களே, நீங்கள் என் இனம். ஆனால் நீங்கள் தேடியது சுடுகிற துவக்குக்குச் சாமான் இல்லை. நான் அதைத்தான் தேடினேன், அதுவும் திருகோணமலையில்.

கூரைக்குள் இருந்து வந்தது

துறைமுகத்தடியில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்றைத் திருத்தும்போது, சீலிங்குக்கு மேலே தார்ச்சீலையில் சுற்றிக் கிடந்தது அந்தத் துவக்கு. இரண்டாம் உலக யுத்தத்து ராணுவச் சாமான். கண்டெடுத்தவர் கிண்ணியா மேசன் நசீர் அண்ணன், அவர்கள் பேச்சில் நசீர் நானா. என் கண்ணில் பட்டிருந்தால் சுற்றின மாதிரியே வைத்துவிட்டு இறங்கியிருப்பேன். அவர் நேரே பொலிசுக்குப் போனார். பிறகென்ன, விசாரணை. அது அவர்கள் கடமை என்றாலும், போய்ப் போய் வந்ததில் மனுசனின் வேலை கெட்டது, ஊரில் கதை கிளம்பியது. கடைசியில் குழலை அடைத்து, ஊசியைக் கழற்றி, இனி எந்தக் காலத்திலும் சுடாது என்று உறுதி செய்து எங்களிடம் தந்தார்கள்.

மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது. தோள்வார் இல்லை, குழலை மூடுகிற மரம் இல்லை, தோளில் முட்டுகிற கட்டையின் அடித்தகடு இல்லை. புதிய அறை திறக்கிறதுக்குள் மூன்றும் சேராவிட்டால் துவக்கு கொழும்புக் களஞ்சியத்துக்குப் போய்விடும். ‘கண்டெடுத்தவர்: நசீர், கிண்ணியா’ என்று பக்கத்தில் அட்டை வைப்பதாக நான் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். விசயத்தைச் சொன்னதும் நானாவின் முகம் விழுந்துவிட்டது.

“கொழும்புக்குப் போனா, மிஸ், நான் துவக்கக் குடுத்தவன் எண்டு ஊருக்கு ஆரு சொல்றது? துவக்கோட பிடிபட்டவன் எண்டுதான் கதை நிக்கும்.”

பழைய இரும்புக் கடை

டவுனில் பழைய இரும்பு வாங்கி விற்கிற முதலாளி ஒருவர் இருக்கிறார். அவர் கடையில் போய் நின்று, சீனி கேட்கிற மாதிரி, “துவக்குச் சாமான் ஏதும் இருக்குமோ?” என்று கேட்டேன். அங்கே நின்ற இரண்டு பேர் வாங்க வந்ததை வாங்காமலே போனார்கள். முதலாளி கதவை அரைவாசி இறக்கினார்.

அலுவலகக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், பிறகு எனக்குக் குடிக்கப் பிளேன்ரீ வரவழைத்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். வியாபாரத்தைப் போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த பழைய இரும்புக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்தார். ஒவ்வொரு போனும் “பயப்பிடாதேங்கோ” என்றுதான் தொடங்கியது. தோள்வார் ஒன்று கிளிவெட்டியில் ஒரு வீட்டில் இருப்பதாகக் கண்டுபிடித்தும் தந்தார். படி இறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, இந்த ஊரில அலவாங்கு கேட்டாலே எங்க கிண்டப் போறீங்கள் எண்டு கேட்டுத்தான் குடுக்கிறனாங்கள். அடுத்தமுறை முதல்ல கடிதத்தைக் காட்டிப்போட்டு வாயைத் திறவுங்கோ.”

வயலுக்குப் போன வார்

கிளிவெட்டியில் அந்த வீட்டு மகேஸ்வரி அக்கா வயலுக்கு மருந்தடித்துக்கொண்டு நின்றார். முதுகில் மருந்து டாங்கி. அதன் ஒரு பக்கம் நைலோன் வார், மறுபக்கம் தடித்த காக்கிப் பட்டி, நுனியில் பித்தளை. நான் தேடி வந்த தோள்வார் அதுதான். எப்போதோ இரும்புக்காரனிடம் வாங்கினாராம். மற்ற வார்கள் அறுந்து அறுந்து மாறின, இது மாறவில்லை.

நான் புதுப் பட்டி கொண்டுபோயிருந்தேன். அக்கா அதை நம்பவில்லை. டாங்கியில் தண்ணீர் நிறைத்து, புதுப் பட்டியைக் கொழுவி, வரம்பைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்த பிறகுதான் பழையதைக் கையில் தந்தார். பொருளை விட்டுக்கொடுப்பதிலும் இப்படி ஒரு நிதானம் இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

“கவனமா வச்சிருங்கோ. அது சண்டைக்குப் போனதைவிட என்ர வயலுக்குத்தான் கனதரம் போயிருக்கும்.”

பொட்டு வைத்த மரம்

குழல் மூடிக்கு இலங்கைத்துறையில் வள்ளம் திருத்துகிற யோகராசா அண்ணனைப் பிடித்தேன். படத்தைப் பார்த்தும் துவக்கைத் தொட்டுப் பார்த்தும் ஒரு துண்டு மரத்தை இழைத்து, எண்ணெய் பூசிப் பொருத்தினார். மூட்டுத் தெரியவில்லை, அவ்வளவு அழகு. ஆனால் நடுவில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. மேலிடத்து ஐயா பார்த்துவிட்டு, யுத்தகாலத்துத் துவக்குக்குப் பொட்டு இருக்க ஏலாது, துடையுங்கள் என்றார்.

அண்ணனிடம் கேட்காமல் துடைக்க மனம் வரவில்லை. போன் எடுத்துக் கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டபின், பொட்டு இருக்கிற பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன். அவர் சொன்னது இதுதான்:

“துடைக்கிறதெண்டாத் துடையுங்கோ, தங்கச்சி, எனக்குச் சொல்லாமத் துடையுங்கோ. எங்கட கையால போற மரம் பொட்டில்லாமப் போறேல்ல.”

பித்தளைத் தகடு

அடித்தகடு மட்டும் எங்கேயும் இல்லை. வெளிநாட்டுக் கடைக்காரன் ஒருவன் இலங்கைக்குத் துவக்குச் சாமான் அனுப்பமாட்டேன் என்று எழுதிவிட்டான். அறை திறக்கிறதுக்கு முந்தின நாள், கொழும்புக்கு ஏற்றப் பெட்டியும் வந்துவிட்டது. அப்போதுதான் நசீர் நானா வந்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு சீலைத் துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே பித்தளைத் தகடு.

தார்ச்சீலையை அவிழ்த்தபோது கழன்று அவருடைய கருவிப் பைக்குள் விழுந்திருக்கிறது. வாக்குமூலம் கொடுத்து வீட்டுக்குப் போன பிறகுதான் கண்டாராம். “சொல்லாத ஒண்டு இருக்கெண்டா, மிஸ், சொன்ன எல்லாம் பொய்யாப் போயிடுமே” என்றார். இவ்வளவு காலமும் சுண்ணாம்பு வாளிக்கு அடியில் வைத்துக்கொண்டு நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார். பேசாமல் துவக்கில் பொருத்திப் பூட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவர் கேட்கவில்லை. தன் பேர் போட்ட அட்டைக்குப் பக்கத்தில் களவுத் தகடு இருக்கக்கூடாதாம். அந்த மனுசனை நான் அன்றைக்குக் கும்பிடாத குறை.

இருவருமாகப் பொலிசுக்குப் போனோம். நானா தகட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொறுப்பதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தகட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டார்.

“முழுத் துவக்கையும் கொண்டுவந்து தந்த மனுசன், ஒரு தகட்டுக்கு ஏன் நானா நடுங்குறீங்க? கொண்டுபோய்ப் பூட்டுங்க.”

மறுநாள் அறை திறந்தது. நானா ஒரு வான் நிறையச் சொந்தக்காரரைக் கூட்டிவந்தார். துவக்கை ஒருவருக்கும் காட்டவில்லை. ஊரில் முதல் கதை கிளப்பின மச்சானை அட்டைக்கு முன்னால் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வைத்தார். மச்சான் வாசித்து முடித்ததும், “கேக்கல்ல, இன்னொருக்கா” என்றார் நானா.

துவக்கு இப்போது முழுசாகக் கிடக்கிறது. இனி அது கிடக்கிற கண்ணாடி அலுமாரியின் பழைய பூட்டுக்குத்தான் நான் ஒரு திறப்புத் தேட வேண்டும்.